ஒரே எண், இரு சீட்டு

பிணியுற்றார்க்குப் பிணியினும் பெருந்துன்பம் ஒன்றுண்டு. ஒரு வைத்தியர் உட்கொள்க என்று கொடுத்த மருந்தை மற்றொரு வைத்தியர் தொடற்க என்று விலக்க, கையிற் குளிகையும் மனத்தில் ஐயமுமாக நிற்றலே அது. எல்லா நோய்க்கும் இது பொதுவேயாயினும், கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவாய் அமைந்த தைராய்டுச் சுரப்பியின் கோளாற்றில் இதனை மிகுதியும் காண்கிறோம். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரைச் சோதித்து, 100-க்கு ஏறத்தாழ 11 பேரிடம் இச்சுரப்பியின் குறைவு உளதெனக் கண்டது. ஆதலின் இதனைப் படிக்கும் அன்பருள் தம் இல்லத்தில் அச்சிறு குளிகைப் புட்டியைக் காணாதார் சிலரே ஆவர்.

திண்டிவனத்தில் எம் அத்தையார் குடும்பம் வாழ்கின்றது. அவர்தம் மருமகளுக்கு மணமாகிய ஓராண்டில் சோர்வும் தலைமயிர் உதிர்தலும் உண்டாயின. இரத்தத்தைச் சோதித்தபொழுது டி.எஸ்.எச். என்பது 6.8 என்றும், தைராக்சின் அளவு குறைவின்றி உளது என்றும் தெரிந்தது. அவ்வூர் வைத்தியர் ஒருவர் நாடோறும் 50 மைக்ரோகிராம் குளிகை உட்கொள்ளுமாறு எழுதினார். பதினைந்து நாட்கழித்து அப்பெண் விழுப்புரத்திலுள்ள தன் தாய்வீடு சென்றாள். இரண்டூர்க்கும் இடைப்பட்ட தூரம் நாற்பது கிலோமீட்டரும் இல்லை. ரெயிலேறினால் மயிலமும் விக்கிரவாண்டியும் முண்டியம்பாக்கமும் கடந்தவுடன் விழுப்புரமே. ஆயினும் அச்சிறு தூரத்தில் மருத்துவம் தலைகீழாயிற்று. ஆண்டிருந்த வைத்தியர் சீட்டைப் பார்த்து, "இவ்வளவிற்கு மருந்து வேண்டா, நிறுத்திவிடு" என்றார். அவளும் நிறுத்தினாள்.

இங்கே அவ்வெண்ணின் பொருளைச் சிறிது கூறுதல் வேண்டும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி, தைராய்டை ஏவித் தொழில் செய்விக்கின்றது. சோம்பிய எருதுக்குத் தாற்றுக்கோல் மிகுவதுபோலத் தைராய்டு தளருந்தோறும் அவ்வேவல் மிகும். அவ்வேவலின் அளவே டி.எஸ்.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையே அதன் மேலெல்லையைக் குறிப்பர். அது 10-க்கு மேற்சென்று தைராக்சினும் குறையுமாயின், மருந்து வேண்டுமென்பதில் வைத்தியருள் வேறுபாடில்லை. கோல் ஓங்கியிருந்தும் எருது இன்னும் உழுதுகொண்டே இருக்கும் நடுநிலை ஒன்றுண்டு, கலகமெல்லாம் அங்கேதான். 2017-இல் வெளிவந்த ஐரோப்பியச் சோதனையொன்றில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரில் ஒரு பாதியார்க்கு இம்மருந்தும் மறுபாதியார்க்கு வெறுங்குளிகையும் கொடுத்துப் பார்த்ததில், மருந்துண்டார் யாதொரு நன்மையும் மிகுதியாகப் பெற்றிலர். இதனையும் இதுபோன்ற சோதனைகளையும் கொண்டு, 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட நெறிமுறை, இந்நடுநிலையில் மருந்து வேண்டாவென வற்புறுத்திக் கூறிற்று. விழுப்புரத்து வைத்தியர் மனம்போன போக்கிற் பேசினாரல்லர் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அந்நெறிமுறையிலேயே ஒரு விலக்கும் உண்டு. மகப்பேற்றை நாடும் பெண்டிர்க்கு இது பொருந்தாது என்பதே அது. கருவுற்ற முதல் மாதங்களில் சிசு தன் தாயின் தைராக்சினையே நம்பியிருத்தலின், அந்நிலையில் வாளா காத்திருக்கப் பல வைத்தியர் துணியார். எவ்வளவு ஏறினால் மருந்து தொடங்குவது என்பதில் அங்கும் அறிஞர் முற்றும் ஒருமித்திலர், அது வேறு.

நான்கு திங்களில் எம் அத்தையார் மருமகள் கருவுற்றாள். நிறுத்திய மருந்தை அவள் மறந்தே போனாள். கர்ப்பிணிகளைச் சோதிக்கும் பெண் டாக்டர் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே செய்தி வெளிப்பட்டது. அன்றே குளிகை மீண்டும் தொடங்கிற்று. நான்கு வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் சோதிக்கப்பட்டது. அவள் அஞ்சியபடி யாதொரு தீங்கும் நேரவில்லை. எனினும் அப்பத்து மாதமும் அவள் உறங்கிய இரவுகள் சில. "அங்கே சொன்னது பொய்யா அம்மா?" என்று அவள் கேட்டதற்கு அந்த டாக்டர், "பொய்யன்று, பிள்ளை வேண்டுமா என்று அவர் கேட்கவுமில்லை, நீ சொல்லவுமில்லை" என்றாராம்.

நிற்க. இதனிடையே அவ்வீட்டில் மற்றொரு கூத்தும் நிகழ்ந்தது. 72 வயதான எம் அத்தையார் ஒரு முகாமில் இரத்தம் கொடுக்க, அவர்க்கும் 6.8 என்றே வந்தது. நிறுத்திய புட்டியில் மருமகளின் குளிகைகள் எண்பதுக்கு மேல் எஞ்சியிருந்தன. "எண்ணும் ஒன்று, வீடும் ஒன்று, மாத்திரையை மாத்திரம் ஏன் குப்பையிற் கொட்டுவது?" என்று அம்முதியவர் நாளுக்கொன்றாக விழுங்கலானார். ஒரு மாதத்தில் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கிற்று. வைத்தியர் அதனை உடனே நிறுத்தச் செய்தார். முதுமையில் அவ்வெண் சிறிது ஏறியிருத்தல் இயல்பே என்பதையும், மிகை மருந்து முதியோரின் இதயத்தையும் எலும்பையும் வருத்தும் என்பதையும் அவர் அறிந்திலர். ஒரே கூரையின்கீழ் ஒரே எண் இளையவட்கு மருந்தும் முதியவட்கு நஞ்சுமாயிற்று.

இரு வைத்தியர் சீட்டையும் யாம் வாங்கிப் பார்த்தோம். பெயர் உண்டு, தேதி உண்டு, மருந்து உண்டு. காரணம் ஒன்றில்தானும் இல்லை. எமது குறை இதுவே. வைத்தியர் மாறுபடுதல் குற்றமன்று. மாறுபாட்டின் காரணத்தை நோயாளர் கையிற் கொடாமையே குற்றம். வாயிலில் நூறு பேர் நிற்க இதற்கெல்லாம் நேரமேது என்பர். வரிசையின் நீளத்தை யாமும் நின்று அறிவோம். ஆயினும், "கருவுற விரும்பின் மீண்டும் வருக" என்று எழுதக் கையொப்பமிடும் நேரத்திற்கு மேல் ஆகுமா?

நோயாளரும் குற்றமற்றவரல்லர். இம்மருந்தின் பாதியளவு உடலினின்று கழியவே ஏறக்குறைய ஏழுநாட் செல்லும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்கழித்தே இரத்தம் உண்மை கூறும். நாமோ பத்தாம் நாளே பலனில்லையென்று வேறு வாயிலை நாடுகிறோம். காப்பி குடித்துக்கொண்டே குளிகையை விழுங்குகிறோம். நான்கு மணி நேரம் விலக்கி உண்ணவேண்டிய இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளையும் உடன் சேர்த்துக்கொள்கிறோம். பின்னர் எண் இறங்கவில்லையென வைத்தியரை நோகிறோம்.

அண்டை வீட்டு வைத்தியத்திற்கோ அளவில்லை. முட்டைக்கோசை ஒழி என்பார் ஒருவர். அயோடின் உப்பாலேயே இந்நோய் வந்தது, மரக்காணத்துக் கல்லுப்பை வாங்கு என்பார் மற்றொருவர். உப்பைப் பற்றிய ஐயத்திற்குப் பாமரரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. அயோடின் கலவாத உப்பை உணவிற்கு விற்றலை 1998-இல் தடுத்த மத்திய அரசு, 2000-இல் அத்தடையை நீக்கி, 2006-இல் மறுபடியும் விதித்தது. உப்பளத்தை அடுத்து வாழும் மக்கள் அதனைக் கண்டு மயங்கியதில் வியப்பென்னை? அயோடின் குறைந்தாலும் கேடு, மிக மிகுந்தாலும் சிலர்க்குக் கேடு என்பதே அறிவுடையோர் கூறுவது. அளவாக உண்பார் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

எம் அத்தையார் இப்பொழுது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வைத்திருக்கின்றார். இடப்பக்கம் தமது எண்; வலப்பக்கம் மருமகளின் எண். சோதித்த நாள், இடம், வேளை, உண்ட மருந்து, வைத்தியர் சொன்ன காரணம் யாவும் பேரனைக் கொண்டு எழுதுவித்துள்ளார். சென்ற முறை யாம் திண்டிவனஞ் சென்றபொழுது, அவர்க்கு மருந்தின்றியே 5.4 என வந்திருந்தது. "தின்னாமலே இறங்கிற்றே, இதற்கு என்னப்பா சொல்கிறாய்?" என்றார். விடியற்காலத்தில் எடுப்பதும் பிற்பகலில் எடுப்பதுமே சிறிது வேறுபடும் என்றோம். "அப்படியானால் அதையும் எழுது" என்று புத்தகத்தை எம்முன் நீட்டினார்.