பாதியில் விலகியவன் கோழையா?

விளையாட்டையே தொழிலாகக் கொண்ட இளைஞன் ஒருவன் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் அதைக் கைவிட்டு வீடு திரும்புவானாயின், எமது சமூகம் அவனுக்கு உடனே ஒரு பட்டம் சூட்டிவிடுகிறது: விடாமுயற்சி அற்றவன். பரிசளிப்பு விழா மேடைகளிலே பிரமுகர்கள் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் ஓதி வருகின்றனர். இத்தீர்ப்பு பொய்யானது, பொய்யானது மட்டுமன்று, ஒரு சாராரின் பணப்பெட்டிக்குப் பயன் தரும் பொய் என்றே நாம் கூறுகிறோம்.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாலையூற்றிலும் திருகோணமலையின் ஏனைய ஊர்களிலும் எல்லே ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதே இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் அங்கே அது பெரும் வாணிபம். உச்சியிலே முப்பது பெருங்கழகங்கள். அவற்றின் கீழே, நாளைய வீரர்களை உருவாக்கும் பட்டறைகளாக, ‘மைனர் லீக்’ எனப்படும் கீழ்நிலைக் கழகங்கள். அங்கு சேரும் இளைஞரில் மிகச் சிலரே உச்சியைத் தொடுகின்றனர்.

ஏனையோரின் கூலி என்ன? 2022ஆம் ஆண்டிலே அடிப்படியில் நின்ற வீரனின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 4,800 டொலர். உச்சிக்கு ஒரு படி கீழே நின்றவனுக்கு 17,500 டொலர். ஆட்டம் நடைபெறும் மாதங்களுக்கே சம்பளம். பயிற்சிக் காலம் ஊதியமற்ற உழைப்பு. எஞ்சிய மாதங்களில் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேடவேண்டியிருந்தது. ஒப்பந்தமோ அவனை ஏழு பருவங்கள் ஒரே கழகத்தோடு பிணைத்தது. கழகமோ விரும்பிய நாளில் அவனை நீக்கிவிடலாம். தொழிலாளிக்குப் பூட்டு, முதலாளிக்குத் திறந்த கதவு!

அரசு யார் பக்கம் நின்றது? பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகமே அன்று என்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதனை விடுவித்தது. 2018 மார்ச் மாதத்தில், ஈராயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட வரவுசெலவு மசோதா ஒன்றினுள்ளே செருகப்பட்ட பிரிவு, கீழ்நிலை வீரருக்கு மேலதிக நேர ஊதியத்தை மறுத்தது. அச்சட்டத்தின் பெயர் தேசத்தின் விளையாட்டைக் ‘காப்பாற்றுவது’ பற்றியது. யாரிடமிருந்து காப்பாற்றினார்கள்? பசித்த இளைஞரிடமிருந்தா?

எமது அயல்நாட்டிலிருந்தும் இருவர் இவ்வாலைக்குள் சென்றனர். 2008இல் இந்தியாவில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிவீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் தெரிவாகினர். போட்டியின் பெயரிலே பத்து இலட்சம் டொலர் இருந்தது. வென்ற ரிங்கு பெற்றதோ ஓரிலட்சம். இரண்டாமவருக்குக் கிடைத்தது 2,500. அவ்வாண்டே பிட்ஸ்பேர்க் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2010இல் தினேஷை அது விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு காயங்களோடு போராடி, பெருங்கழக ஆட்டம் ஒன்றையேனும் காணாது, 2018இல் மல்யுத்த வாணிபத்துக்குப் போனார். 2014இல் வெளிவந்த ஹொலிவூட் திரைப்படம் ஒப்பந்தம் கிடைத்த வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது. கூலிக் கணக்கு தொடங்கும் இடத்தில் திரை விழுந்துவிடுகிறது.

நிலைமை மாறியதும் உண்டு. அது உரிமையாளரின் இரக்கத்தால் அன்று. 1969இல் தம்மைச் சரக்காகக் கைமாற்ற மறுத்த கறுப்பின வீரர் கேர்ட் ஃப்ளட் 1972இல் நீதிமன்றத்தில் தோற்றார். ஆயினும் 1975இல் ஒரு நடுவர் தீர்ப்பு பெருங்கழக வீரரின் தளையை உடைத்தது. கீழ்நிலை வீரர் 2022இல் சங்கத்தில் இணைந்தனர். 2023இல் எட்டிய உடன்படிக்கை 4,800ஐ 19,800 ஆகவும் 17,500ஐ 35,800 ஆகவும் உயர்த்தியது. பத்தொன்பது வயதுக்குப்பின் கையொப்பமிடுவோரின் பிணைப்பு ஆறு பருவங்களாகக் குறைந்தது. நூறாண்டு ‘விடாமுயற்சி’ ஈட்டாததை ஓராண்டு ஒற்றுமை ஈட்டியது.

இலங்கையில் நிலை என்ன? 2022 ஜனவரியில் கிரிக்கெற் வீரர் பானுக ராஜபக்ச, குடும்பப் பொறுப்பைச் சுட்டி முப்பது வயதில் ஓய்வை அறிவித்தார். சில நாட்களில் அதை மீளப் பெற்றார். கிரிக்கெற் நிறுவனம் செய்ததென்ன? ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவித்தல், வெளிநாட்டுக் கழக ஆட்டங்களுக்கு அனுமதி பெற ஆறு மாதக் காத்திருப்பு என்று விதி வகுத்தது. மனிதர் ஏன் வெளியேறுகின்றனர் என்று ஆராய்வதற்கு முன்னரே கதவுக்குத் தாழ்ப்பாள்!

முன்னறிவித்தலின்றி விளையாடுவோர் விலகினால் அணி சீர்குலையும் என்பர். இருக்கட்டும், அவ்வாறாயின் நீக்கப்படும் வீரனுக்கும் அதே முன்னறிவித்தலையும் அதே கால ஊதியத்தையும் தரட்டும். கடமை இருபுறமும் இருந்தால் அது ஒப்பந்தம். ஒருபுறம் மட்டும் இருந்தால் அடிமைச் சீட்டு.

ஒரேயொரு எசமானை நம்பி வாழ்வது என்னவென்று திருகோணமலைக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுச் சென்றபோது, அதன் கூலியை நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பும் தளர்ந்தது. அவர்களை எவரும் விடாமுயற்சி அற்றோர் என்று சொல்லவில்லை. விளையாட்டுத் தொழிலாளியை மட்டும் ஏன் அவ்வாறு சொல்லவேண்டும்?

ஆசிரிய நண்பர்களே, பந்தெறியும் பிள்ளையை ஊக்குவியுங்கள், நாம் தடுக்கவில்லை. ஆனால் கைக்கு ஓர் ஒப்பந்தம் வரும்போது அதனை வரி வரியாக அவனோடு இருந்து வாசியுங்கள். மாதக் கூலி எவ்வளவு, காயமுற்றால் செலவு யாருடையது, விலக்கப்பட்டால் மறுநாள் என்ன என்று கேட்கப் பழக்குங்கள். விலகி வந்த பிள்ளையை மீண்டும் வகுப்பறையில் அமர்த்துங்கள். அவன் தோற்றவன் அல்லன், கணக்குத் தெரிந்தவன். தனியே கணக்குப் பார்த்தவர்கள் கூடிக் கணக்குக் கேட்கும் நாளிலேதான் ஆட்டத்தின் விதிகள் மாறும்.