மூடி வைத்த சட்டி



இந்த வாரத் தியானத்திற்குரிய வேதபகுதிகள்: அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரம், கலாத்தியர் 2:11-14.

அடைமழை ஓய்ந்து, நந்திவரம் ஏரிப் பக்கத்திலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருக்கும் இந்நாட்களில், வீட்டார் யாவரும் ஒன்றாய் அமர்ந்து சூடாக இராவுணவு உண்பது தேவன் அருளிய நல்ல ஈவு. ஆயினும் நம் வீடுகள் பலவற்றில் ஒரு சட்டி மட்டும் மூடியே இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு மாட்டுக்கறி சமைக்கிறோம். அண்டை வீட்டார் கேட்டால் மட்டன் என்கிறோம். பிள்ளையின் கையில் டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போதே, யாராவது கேட்டால் மட்டன் என்று சொல்ல வேண்டும் என்று பாடம் புகட்டுகிறோம். அதே பிள்ளை ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைப் பிழையின்றி ஒப்புவித்தால் கைதட்டிப் பரிசும் அளிக்கிறோம்.

வீட்டுக்குள் இருந்த இந்த வழக்கம் இப்போது ஆலய வளாகத்துக்குள்ளும் வர விரும்புகிறது. கிறிஸ்துமஸ் அன்பின் விருந்தில் மாட்டுக்கறி வேண்டாம், அதனால் சபையின் மரியாதை குறையும் என்று சிலர் சொல்லி வருகிறார்கள். இது வெறும் சமையல் பட்டியலைப் பற்றிய பேச்சு என்று நான் எண்ணவில்லை. ஆகவே வெளிப்படையாகவே மறுக்கிறேன்.

முதலாவது, யாருடைய மரியாதை? செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலையை விவரித்து 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை பிறந்ததற்கு அந்த அறிக்கை ஒரு காரணம். உழுதார்கள், நிலம் அவர்களுடையதல்ல. அறுத்தார்கள், நெல் அவர்களுடையதல்ல. பிறர் இகழ்ந்து ஒதுக்கிய இறைச்சியே அவர்கள் பிள்ளைகளின் உடலுக்கு வலுவூட்டியது. நம் வட்டாரத்துத் திருச்சபைகளின் மூத்த குடும்பங்கள் பல அந்த மக்களின் சந்ததியே. இன்றும் ஆட்டுக்கறியின் விலையில் பாதிக்கும் குறைவாய்க் கிடைக்கும் இந்தக் கறியைக் கொண்டுதான் பல தாய்மார் ஞாயிற்றுக்கிழமை அடுப்பை மூட்டுகிறார்கள். அவர்களுடைய சட்டிக்கு விருந்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு மட்டும் இடமுண்டு என்பது எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 2022 மே மாதத்தில் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவை அறிவித்த மாவட்ட நிர்வாகம், மாட்டிறைச்சிப் பிரியாணியை விலக்கியது. எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. விலக்கியது பாகுபாடே என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஓர் அரசு ஆணையம் கண்டுகொண்டதை அன்பின் விருந்து நடத்தும் சபை காணாதிருக்கலாமோ? ஆம்பூர் தோல் பதனிடும் ஊர் என்பதை எண்ணும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தீட்டு, தீட்டல்லாதது என்ற கணக்கையெல்லாம் கர்த்தர் ஒரு துப்பட்டியில் கட்டிப் பேதுருவின் முன் இறக்கியபோது, அவர் யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டு மேல்மாடியில் இருந்தார். அந்த வீட்டின் வாசனையைக் குறித்து வேதம் ஒன்றும் முறையிடவில்லை.

அதே பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் மெல்ல எழுந்து விலகினார். உபதேசத்தில் அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இருக்கையை மட்டுமே மாற்றினார். பவுல் அதையே மாயம் என்று முகத்துக்கு முன்பாகக் கண்டித்தார். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிமார், தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்பதே ஒருவர் சாதியைக் கைவிட்டதற்கு அடையாளம் என்று வகுத்தார்கள். அம்முறையிலிருந்த வற்புறுத்தலை நான் மெச்சவில்லை. ஆனால் சாதி எந்த அறையில் ஒளிந்திருக்கும் என்பதை அவர்கள் சரியாய் அறிந்திருந்தார்கள்.

பலவீனமான சகோதரனுக்கு இடறலாகாதபடி பவுல் மாம்சத்தையே விட்டுவிடத் துணிந்தாரே என்று 1 கொரிந்தியர் 8-ஐ எனக்கு எடுத்துக்காட்டுவோர் உண்டு. நன்று, அப்பகுதியை நிதானமாய் வாசியுங்கள். அங்கே பவுல் தாங்குவது விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்டு மனச்சாட்சி கறைப்படும் எளியவனை. இங்கே நாம் தாங்க விரும்புவது யாரை? நகரில் அடுக்குமாடி வீடு வாங்கியவரை, வாடகைக்கு விடும்போது உணவுப் பழக்கத்தை விசாரிப்பவரை, திருமணச் சம்பந்தம் பேச வருபவரை. அவர்களுடைய விசுவாசம் நம் சட்டியால் தளரப்போவதில்லை. நம்மைப்பற்றிய அவர்களுடைய மதிப்பீடு தளரும், அவ்வளவே. பலவான்களின் அருவருப்பைப் பலவீனரின் மனச்சாட்சி என்று அழைப்பது வேதத்தைப் புரட்டுவதாகும்.

மாட்டுக்கறி உண்ணாதவர்கள் நம் சபையில் உண்டு. வளர்ந்த முறையாலோ மருத்துவர் சொல்லாலோ விலக்குகிறவர்களை ஒருவரும் நெருக்கக் கூடாது, கேலி செய்யவும் கூடாது. ரோமர் 14 இரு பக்கத்தாருக்கும் பொதுவானது. அயலாரின் வாசலில் கொண்டுபோய் வீம்புக்குச் சமைக்கும்படியும் நான் சொல்லவில்லை. மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாம் மாட்டுமந்தைக்கு ஓடி இளங்கன்றைத் தெரிந்தெடுத்தது விருந்தினரை உபசரிக்கவே.

சமைக்கத் தெரியவில்லை, கடையில் வாங்குகிறோம் என்னும் இளம் தம்பதியருக்காக ஒன்று. அரைக்கிலோ மாட்டுக் கொத்துக்கறியுடன் பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்பு, மூன்று மேசைக்கரண்டி பொட்டுக்கடலைப் பொடி, ஒரு முட்டை, உப்பு சேர்த்துப் பிசையுங்கள். நெய் தடவிய டப்பாவில் அழுத்தி, மூடி, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் அவியுங்கள். ஆறியபின் துண்டுபோட்டுத் தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க வாட்டினால், சுடுசோற்றுக்கும் மிளகு ரசத்துக்கும் அதைவிடத் துணை வேண்டாம். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் மீட் லோஃப் என்று அடுப்பில் வேகவைக்கும் அதே பண்டம்தான், நம் இட்லிப் பானைக்கு ஏற்றபடி.

கிறிஸ்துமஸ் விருந்தில் கோழிக்கறியும் மாட்டுக்கறியும் சைவக் குழம்பும் ஒரே வரிசையில், ஒரே அளவுள்ள பாத்திரங்களில், பெயர் எழுதி வைக்கப்படும். கரண்டிகள் தனித்தனி, பந்தி ஒன்றே. ஆட்சேபணை உள்ளவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் நேரில் வந்து பேசலாம். கையொப்பமில்லாத கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.