காட்டுப்பள்ளியும் கப்பல்பள்ளியும்

கடல் யாத்திரை என்றால் நமது பாட்டன்மார் காலத்தில் இரண்டே காரியங்களுக்குத்தான். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ பிழைக்கப் போவது ஒன்று. சீமைக்குப் போய்ப் பாரிஸ்டராகித் திரும்புவது மற்றொன்று. முதல் யாத்திரை போனவர் வீட்டில் அழுகை. இரண்டாவது போனவர் வீட்டில் பிராயச்சித்தம். இப்போது மூன்றாவது வகை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. இதற்கு ஊர் என்று ஒன்று அவசியமில்லை. சென்னையில் கப்பல் ஏறி, நடுக்கடலில் இரண்டு நாள் இருந்துவிட்டு, சென்னையிலேயே இறங்கிவிடலாம். "எங்கே போய்விட்டு வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், "கப்பலுக்குப் போய்விட்டு வந்தோம்" என்று சொல்ல வேண்டியதுதான்!

சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய உல்லாசக் கப்பல் ஒன்றின் பிரயாணத்தை 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 4-ந் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1990-இல் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் பெரிய கப்பல் அது. நடுக்கடலுக்குப் போய்த் திரும்புவது ஒரு திட்டம். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றி வருவது இன்னொன்று. கப்பலில் சூதாட்டம் இருப்பது பற்றி ஆட்சேபம் கிளம்பவே, அந்த மாதம் புதுச்சேரியில் அதை நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. ஆக, புறப்பட்ட மாதத்திலேயே ஒரு தர்ம விசாரணையையும் அந்தக் கப்பல் கிளப்பிவிட்டது.

அது போன்றதொரு கப்பலில் விசாகப்பட்டினம் வரையில் போய்வரும் வாய்ப்பு நமக்கும் கிட்டியது. மாலையில் சென்னையை விட்டு வடக்கே திரும்பியதும், இடது கைப் பக்கம் கரை விளக்குகள் வரிசையாக வந்தன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர். அதற்கப்பால் நிலக்கரிக் கப்பல்கள் வந்து நிற்கும் காமராஜர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. தளத்தில் நின்ற ஜனங்கள் காட்டுப்பள்ளியின் பாரந்தூக்கி யந்திரங்களைக் கண்டு, "தீபாவளி மாதிரி இருக்கிறதே!" என்று சொல்லிக் கொண்டார்கள். பிறகு எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் அறைக்கு அறை நிகழ்ச்சி நிரல் வந்தது. காலையில் யோகாசனம், பகலில் குழந்தைகளுக்குச் சித்திரப் போட்டி, மாலையில் நாட்டியம். இவற்றுக்கு நடுவே, நாலு மணிக்குக் 'காக்டெயில் கலக்கும் வகுப்பு'. கப்பல் ஆந்திரக் கடலில் போய்க் கொண்டிருந்தது. நம் பக்கத்து மேஜைக் குடும்பத்தில் இதைப் பற்றி ஒரு சிறு மகாநாடே நடந்தது. வயது வந்த மகள், "வேடிக்கைதானே, போகலாம் அப்பா" என்றாள். பாட்டி, "கள்ளுக்கடைக்குப் படிக்கப் போவார்களா?" என்றாள். தகப்பனார் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக் கொண்டார்.

இந்தச் சங்கடம் அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. மதுவிலக்கைத் தேசியக் காரியமாகப் போற்றி வளர்ந்தது நமது தமிழ்ப் பத்திரிகை உலகம். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜியும் கல்கியும் 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையையே மதுவிலக்குப் பிரசாரத்துக்காக நடத்தினார்கள். அந்தப் பரம்பரையில் வந்த குடும்பங்கள் இப்படிப்பட்ட வகுப்புக்குப் போகலாமா? போனால் எதைப் பார்க்க வேண்டும்? இதற்கு விடை காணவே நாமும் நாலு மணிக்குப் போய் நின்றோம். நம் குவளையில் சாராய வகை வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம். "அப்படியே செய்யலாம், சார்" என்று ஆசிரியர் உடனே ஒத்துக் கொண்டார். பாட்டியைத் தவிர்த்து அந்தக் குடும்பமும் வந்து சேர்ந்தது.

ஒரு நீண்ட மேஜையைச் சுற்றிச் சுமார் பன்னிரண்டு பேர் நின்றோம். ஒவ்வொருவருக்கும் மூடி போட்ட உலோகக் குவளை, வடிகட்டி, எலுமிச்சம்பழம், புதினாக் கொத்து, பனிக்கட்டி, இவற்றோடு இரு முனையும் கிண்ணமாக இருக்கும் ஒரு சிறிய அளவுக் குவளை. ஒரு முனையில் 30 மில்லி. மறு முனையில் 60 மில்லி. ஆசிரியரான இளைஞர் முதல் பாடமாகச் சொன்னது: "கண்ணை நம்பாதீர்கள், குவளையை நம்புங்கள்." வகுப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான் என்று சொல்லலாம்.

பழரசம் சேர்ந்த கலவையை நன்றாகக் குலுக்க வேண்டுமாம். கனமான ரசமும் இலேசான திரவமும் அப்போதுதான் ஒன்றுசேரும். காற்றுப் புகுந்து நுரையும் வரும். பழரசம் சேராத தெளிந்த கலவையைக் குலுக்கவே கூடாது. நீண்ட கரண்டியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் தெளிவு போய்விடும். பனிக்கட்டி குளிர்ச்சிக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். அது கரைந்து தண்ணீராவதும் பக்குவத்தில் சேர்ந்ததாம். நன்றாகக் குலுக்கிய குவளையில் சுமார் கால் பங்கு அப்படிக் கரைந்த நீர்தான். புதினாவை நசுக்கிக் கூழாக்கினால் கசக்கும். இலேசாக அழுத்தினால் வாசனை மட்டும் வரும். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் குவளை கெட்டது.

பக்கத்து மேஜை அம்மாள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம் கணவரிடம், "என்னங்க, ஸ்ரீராம நவமிக்குப் பானகம் கரைக்கிறதைத்தானே இவர் இங்கிலீஷில் சொல்கிறார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அம்மாள் சொன்னது வெறும் ஹாஸ்யமன்று. சரித்திரம் அவர் பக்கம் இருக்கிறது.

காக்டெயில் என்பது அமெரிக்கச் சரக்கு என்றுதான் உலகம் நினைக்கிறது. அந்தப் பெயரைப் பொறுத்தவரையில் அது சரியாகவே இருக்கலாம். மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு இவை சேர்ந்ததே காக்டெயில் என்று 1806-இல் நியூயார்க் மாகாணத்துப் பத்திரிகை ஒன்று இலக்கணம் வகுத்தது. 1862-இல் ஜெரி தாமஸ் என்பவர் இக்கலைக்குப் புத்தகமே எழுதி அச்சிட்டார். ஆனால் காக்டெயிலுக்கு ஒரு பாட்டி உண்டு. அவள் பெயர் 'பஞ்ச்'. அந்தப் பெயர் முதன் முதலில் எழுத்தில் அகப்படுவது 1632-ஆம் வருஷத்திய ஒரு கடிதத்தில். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயர் பெட்டபோலியிலிருந்த தம் நண்பருக்கு எழுதியது அது. பெட்டபோலி என்பது எது? இன்றைய ஆந்திர தேசத்து நிஜாம்பட்டினம். நம்முடைய சோழமண்டலக் கரையின் வடபாகம். சென்னைப் பட்டினம் பிறப்பதற்கே இன்னும் ஏழு வருஷம் இருந்தது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-லேயே கோட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

சீமையிலிருந்து மாதக் கணக்கில் மிதந்து வந்த மாலுமிகளின் பீர் வெப்பத்தில் கெட்டுவிடும். கீழ்க்கடல் துறைகளில் கிடைத்தது தென்னை, அரிசி, வெல்லம் முதலியவற்றிலிருந்து வடித்த சாராயம். அதன் காரத்தை அடக்க எலுமிச்சம்பழம், சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று நாலைச் சேர்த்தார்கள். ஐந்து பொருள் சேர்ந்ததால் 'பஞ்ச' என்ற நம் சொல்லே பெயராயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். எனவே கப்பலில் கூட்டமாக நின்று மது கலப்பது நமது கடலுக்குப் புதிதன்று. நாலு நூற்றாண்டுக்கு முன்னால் நம் கரையிலிருந்து போன சமாசாரந்தான், கண்ணாடிக் குவளையில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

குடிப்பதற்காகவே கடலுக்குப் போவதும் புதிதன்று. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரையில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அப்போது அந்த நாட்டுச் சீமான்கள், சட்டத்தின் எல்லைக்கு அப்பால் போய்க் குடித்துவிட்டு வருவதற்கென்றே அயல்நாட்டுக் கப்பல்களில் ஏறினார்கள். ஊரில்லாத யாத்திரைக்கு அப்போதே பேரும் இருந்தது. எங்கும் போகாத யாத்திரை என்பதுதான் அது. சட்டம் கரையோடு நின்றுவிடலாம்; குடித்தவனுடைய ஈரலுக்கு அந்தக் கடல் எல்லை தெரிவதில்லை. உடல் நலத்துக்குக் கேடில்லாத மதுவின் அளவு என்று எதுவுமே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நமது மாகாணத்தின் கதையும் தெரிந்ததே. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் அது ஒத்திவைக்கப்பட்டது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே ஏற்று நடத்துகிறது. கப்பலில் அளவு கற்றுக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். கரையில் கடைக்காரர் மட்டுந்தான் இருக்கிறார்.

இங்கேதான் காட்டுப்பள்ளியின் விளக்குகள் நமக்கு மறுபடியும் ஞாபகம் வருகின்றன. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகமும். நடுவே நீண்ட மணல் திட்டு. மீன்பிடிக் குப்பமாக இருந்த இடம் அது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் குப்பத்தார் இடம் பெயர்ந்தார்கள். 2013-இல் சரக்குப் பெட்டித் துறைமுகம் நடக்கத் தொடங்கியது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்னும் கப்பல் பழுது பார்ப்பதற்காக அங்கே வந்தபோது தேசமெங்கும் பெருமையாகப் பேசினார்கள். பெருமைதான். துறைமுகத்தை 6,110 ஏக்கராக விஸ்தரிக்கும் யோசனையை அந்தப் பக்கத்து மீனவர்கள் எதிர்த்து வந்திருக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அந்தக் கரை ஜனங்களுக்கு அளவு தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்து கொள்வார்கள். ஏரி ஒருவருக்கே போய்விடாமல் காக்கும் கணக்கு அது. கப்பலில் நமக்கு 30 மில்லிக் குவளையால் போதித்த பாடத்தை, அவர்கள் ஒரு பெரிய ஏரியை வைத்தே நடத்தியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கடற்கரை ஜனங்களிடந்தான் அளவும் இல்லாத, பெயர்ச் சீட்டும் இல்லாத சரக்கு போய்ச் சேருகிறது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பமான எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். கொன்றது மெத்தனால். பார்வைக்கும் வாசனைக்கும் அது சாதாரணச் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். தொல்லை உடனே தெரிவதில்லை. அரை நாள், ஒரு நாள் கழித்துக்கூட வாந்தியும் வயிற்று வலியும் பார்வை மங்கலும் வரலாம். 'தூங்கினால் தெளிந்துவிடும்' என்று விட்டால் கண்ணும் போகும், உயிரும் போகும். மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. காலத்தில் கொண்டு சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வாசகர் வீடுகளில் வேலை செய்வோரின் குடும்பங்களுக்கும் இந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வது புண்ணியமாகும்.

அப்படியானால் கப்பல் வகுப்புக்குப் போகலாமா, கூடாதா? போகலாம் என்பதே நமது அபிப்பிராயம். அங்கே மகிழ்ச்சி தருவது எது என்று ஒரு மணி நேரம் கவனித்துப் பார்த்தோம். முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றி நிற்பதும், ஒருவர் குலுக்க மற்றவர் சிரிப்பதும், புளிப்பும் இனிப்பும் சரியாக விழும்போது வரும் பெருமையுந்தான். நம் குவளையிலும் அவை ஒன்றும் குறையவில்லை. எலுமிச்சையும் புதினாவும் சோடாவும் சேர்ந்த அந்தப் பானம் பக்கத்தில் நின்றவருடையதைவிடச் சீக்கிரம் காலியாயிற்று. ஆகவே, குடிக்காதவர்கள் மூலையில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. நடு மேஜையிலேயே நின்று, "எனக்குச் சாராயம் வேண்டாம்" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். கப்பல்காரர்களும் நன்னாரியையும் பானகத்தையும் அதே மரியாதையோடு அந்த மேஜையில் வைக்க வேண்டும்.

பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்ச் என்பதில் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு என ஐந்து. முதலாவதை எடுத்துவிட்டால் மிச்சம் நாலு. சர்க்கரைக்கு வெல்லம், வாசனைக்கு ஏலக்காய் என்று வைத்துக் கொண்டு, காரத்துக்குச் சுக்கைத் தட்டிப் போட்டால் மறுபடியும் ஐந்து. கணக்கும் சரியாகிவிட்டது, குடித்தவரும் தம் காலாலேயே நடந்து வீடு போய்ச் சேருவார்.