முகப்பரு மருந்தைக் கடைக்காரர் கொடுக்கலாமா?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து மருந்துக்கடைகளில் சாயங்கால வேளையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வேலை முடிந்து வரும் வாலிபர், "அண்ணே! முகமெல்லாம் பரு. நல்ல மருந்தாகக் கொடுங்க" என்பார். கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து நீட்டுவார். சில நாளில் முகம் பளபளக்கும். வாலிபருக்குச் சந்தோஷம். அதைப் பார்த்து அவருடைய தங்கையும் பூசத் தொடங்குவாள்.

தொல்லை பிறகுதான் வரும்.

டியூபில் என்ன?

அந்த டியூபில் பல சமயம் இருப்பது ஸ்டீராய்டு. பெட்டமெத்தசோன், குளோபெட்டாசால் என்று பெயர் அச்சிட்டிருக்கும். கரப்பான் போன்ற சில தோல் வியாதிகளுக்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருந்து அது. அதை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து போகும். வெயில் பட்டால் எரியும். பெண்களுக்கு முகத்தில் ரோமம் முளைப்பதும் உண்டு. எந்தப் பருவுக்காகப் பூசினார்களோ, அந்தப் பருவே அதிகமாகும்! நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். பயந்து மறுபடியும் பூசுவார்கள். குடிகாரன் கதைதான்.

முன்பு, பூச்சு மருந்து என்பதால் சட்டத்திலேயே இதற்கு விலக்கு இருந்தது. தோல் டாக்டர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. சட்டம் வந்தது. பழக்கம் போகவில்லை. கடைக்காரரை மட்டும் ஏசுவதும் நியாயமல்ல. "சீட்டு கொண்டு வா" என்று ஒருவர் சொன்னால் ஜனங்கள் அடுத்த கடைக்கு அல்லவா போகிறார்கள்!

எண்ணெய்ப் பரு

எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திர எண்ணெய் தோய்ந்த உடுப்போடு நாள் முழுவதும் நின்றால் கையிலும் தொடையிலும் பரு கிளம்பும். இதற்கு மாத்திரையைவிட உடுப்பை மாற்றுவதும் சோப்புப் போட்டுக் குளிப்பதும்தான் முக்கியம். ஆகவே, செய்யும் வேலை என்ன என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பலமான மாத்திரை

கட்டி கட்டியாகப் பரு வந்து, சீழ் வைத்து, தழும்பு விழுகிறதா? அதற்கும் மருந்து இருக்கிறது. ஐசோட்ரெட்டினாயின் என்று பெயர். வைட்டமின் 'ஏ' இனத்தைச் சேர்ந்தது. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைச் சுருங்கச் செய்யும். சாதாரணமாக 4 முதல் 6 மாதம் சாப்பிட வேண்டும். எத்தனையோ பேருடைய முகத்தைக் காப்பாற்றிய நல்ல மருந்து. ஆனால் விளையாட்டு மருந்து அல்ல.

உதடு வெடிக்கும். கண் உலரும். கல்லீரலும் ரத்தக் கொழுப்பும் சரியாக இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கூடவே வைட்டமின் 'ஏ' மாத்திரை சாப்பிடக்கூடாது. டாக்சிசைக்ளின் மாத்திரையையும் சேர்க்கக்கூடாது. மனச்சோர்வு கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கர்ப்பிணிகளுக்குத்தான். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை, இருதயம், காது, முகம் ஆகியவற்றை இது சிதைத்துவிடும். சில நாள் சாப்பிட்டாலும் ஆபத்து உண்டு. மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு 1 மாதம் வரையும் கர்ப்பம் தரிக்கக்கூடாது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? கல்யாணம் நிச்சயமான பிறகுதான் பெண்ணின் முகப்பரு கண்ணில் படுகிறது. "முகூர்த்தத்துக்குள் சரியாகட்டும்" என்று அவசரப்படுகிறார்கள். மாத்திரை முடிவதற்குள் தாலி ஏறிவிடுகிறது. டாக்டர் கர்ப்பப் பரிசோதனை என்று சொன்னால் தாய்க்குக் கோபம் பொங்குகிறது. "கல்யாணமாகாத பெண்ணிடம் என்ன கேள்வி!" என்கிறாள். கேட்ட டாக்டர் நல்லவர். சங்கோஜப்பட்டுக் கேட்காமல் சீட்டு எழுதுபவர்தான் தவறு செய்கிறார். மணமானவர் என்றால் கருத்தடைக்கு என்ன ஏற்பாடு என்பதைக் கணவனும் கூட இருந்து கேட்பது நல்லது.

ஆண்களுக்குக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்றால் வடசென்னை வாலிபர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுப்பார்கள். நல்ல காரியம். ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர், நிறுத்தி 1 மாதம் ஆகும்வரை, ரத்தம் கொடுக்கக்கூடாது. அந்த ரத்தம் ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் அல்லவா?

சிவப்புக் கோடு

மாத்திரை அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள இங்கிலீஷ் படிக்க வேண்டியதில்லை.

தோல் டாக்டருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்பவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே தோல் பிரிவு உண்டு. போகும்போது, இதுவரை பூசிய டியூபையும் சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து உடம்பில் போயிருக்கிறது என்பது அதைப் பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும்.