படிநிலை ஆளுக்கா, வாயிலுக்கா?

சிங்கப்பூரில் 2026 ஜனவரி 1 முதல் பாதுகாவல் அதிகாரிக்கான குறைந்தபட்ச மொத்த மாதச் சம்பளம் 3,090 வெள்ளி. 2024இல் 2,650 வெள்ளியில் தொடங்கிய அட்டவணை, ஆண்டுக்கு 220 வெள்ளி ஏறி 2028இல் 3,530ஐத் தொடும். இவ்விதழ் அதை வரவேற்கிறது. 2016 செப்டம்பரில் படிப்படியாக உயரும் சம்பள முறை நிறுவன உரிமத்தின் நிபந்தனையான பிறகுதான், ஆள் கூலியைக் குறைத்துக் குத்தகை பிடிக்கும் வழக்கம் கொஞ்சமாவது அடங்கியது. ஆனால் அட்டவணை ஆளைத்தான் தரம் பிரிக்கிறது, அவர் நிற்கும் இடத்தை அல்ல. கூட்டுரிமை வீட்டுச் சாவடியில் பார்சல் வாங்கி வைப்பவருக்கும், சரக்கு முனைய வாயிலில் கொள்கலனின் முத்திரை எண்ணைச் சரிபார்ப்பவருக்கும் ஒரே படிநிலை, ஒரே அடிச்சம்பளம். கரையோர முனையங்களுக்கும் கிடங்குகளுக்கும் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இதில் ஒரு நிலை எடுத்தே ஆகவேண்டும்.

இடத்தைப் பார்ப்பது சட்டத்துக்குப் புதிதல்ல. 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும், கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஐஎஸ்பிஎஸ் விதித்தொகுப்பு, துறைமுக வளாகத்தில் பாதுகாப்புப் பணி ஏற்றவர்களுக்கு அப்பணிக்குரிய அறிவும் திறனும் வேண்டும் என்கிறது. சரக்கையும் கப்பலுக்குப் போகும் பொருள்களையும் சோதிக்கும் முறை, ஆயுதங்களை அடையாளம் காணுதல், கருவிகளை இயக்குதல் எல்லாம் அதன் வழிகாட்டுதலில் உண்டு. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்ட வளாகங்களில் ஆளை நிறுத்தி விசாரிக்கவும் சோதிக்கவும் தனி அதிகாரம் தருகிறது. வேறோர் இடத்தில் அதே சீருடையில் நிற்பவருக்கு, குடிமகன் எவருக்கும் உள்ள கைது அதிகாரத்துக்கு மேல் எதுவும் கிடையாது. பொறுப்பும் அதிகாரமும் இடத்துக்கு இடம் மாறும்போது, படிநிலை மட்டும் இடமறியாமல் இருப்பது ஏன்?

கடினமான வேலையைத் துணைப் போலிஸ் பார்த்துக்கொள்கிறதே என்பார்கள். துறைமுக நிறுவனமான பிஎஸ்ஏயின் துணைப் போலிஸ் 2004இல் ஏட்டோஸ் துணைப் போலிஸ் நிறுவனத்தில் இணைந்தது முதல் சொல்லப்படும் வாதம் இது. ஆயுதமும் கைதும் அவர்கள் கையில் இருக்கட்டும். அனுமதிச் சீட்டு, முத்திரை, ஓட்டுநரின் முகம் இவற்றைப் பார்க்கும் முதல் கண் எல்லா வாயிலிலும் துணைப் போலிஸாருடையது அல்ல. இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம். உரிமத்தைப் பிரித்தால் கடைத்தொகுதியிலிருந்து முனையத்துக்கும் முனையத்திலிருந்து மருத்துவமனைக்கும் ஆளை மாற்ற முடியாது, ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை என்பது. ஆனால் நாம் கேட்பது தனி உரிமம் அல்ல. வாகன உரிமத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் நான்கும் ஐந்தும் சேர்வதுபோல், இருக்கும் உரிமத்தின் மேல் துறைமுகத்துக்கென ஒரு தகுதிக்குறிப்பும் அதற்கேற்ற படித்தொகையும்.

வாயிலை வகைப்படுத்தாததன் ஆகப் பெரிய இழப்பு சம்பளத்தில் அல்ல, நேரத்தில். இவ்விதழ் பலமுறை எழுதியதுதான், மறுபடியும் எழுதவேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் மிகைநேர விலக்கு நீங்கி, மாதம் 72 மணி மிகைநேரம் என்ற வரம்பு நமக்கும் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம், மிகைநேர ஊதியம் என்ற பிரிவு போய் மொத்தச் சம்பளம் என்ற ஒரே அடி வந்தது. இதனால் சம்பளத்தைக் குறைக்காமலே நேரத்தைக் குறைக்கலாம் என்றார்கள். கணக்கில் சரி. ஆனால் எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஒரே விலை என்றால், குத்தகை கொடுப்பவர் எதைக் கேட்பார்? பன்னிரண்டைத்தான் கேட்பார். முனையத்துக்கோ இரவு பகல் கிடையாது. அதே துறையில் கட்டியிருக்கும் கப்பலில் பாதுகாப்புப் பணி ஏற்ற மாலுமிக்கு 24 மணியில் 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தரவேண்டும் என்று அனைத்துலக விதி இருக்கிறது. அவர் இறங்கி வரும் ஏணியின் அடியில் நிற்பவரின் ஓய்வை எந்த ஏட்டிலும் யாரும் எழுதுவதில்லை. போதாக்குறைக்கு, தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் 2027க்குள் துவாஸுக்குப் போகின்றன. உதாரணத்துக்கு, லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால், இப்போதைய முனையங்களுக்கு அருகிலுள்ள ஹார்பர்ஃபிரண்ட் ஐந்தாவது நிறுத்தம். துவாஸ் என்றால் ஊட்ரம் பார்க்கில் மாறி, தடத்தின் கடைசி நிலையமான துவாஸ் லிங்க் வரை போய், அதற்கு அப்பாலும் போகவேண்டும். பன்னிரண்டு மணி வேலையோடு இந்தப் போக்குவரத்தையும் கூட்டினால் தூங்க என்ன மிஞ்சும்? பதினோராவது மணியில் அவர் படிக்கும் முத்திரை எண்ணை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

இதை யாரிடம் கேட்பது? உரிமம் போலிஸிடம், துறைமுகப் பாதுகாப்பு கடல்துறை, துறைமுக ஆணையத்திடம், வேலைநேரம் மனிதவள அமைச்சிடம். ஒவ்வொரு வாசலிலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். சீருடையும் பயிற்சியும் மாறும்போதெல்லாம் சுற்றறிக்கை தவறாமல் வருகிறது, செலவும் நம் தலையில் வருகிறது. ஓய்வு என்றால் மட்டும், அது நீங்களும் வாடிக்கையாளரும் பேசிக்கொள்ள வேண்டிய ஒப்பந்த விவகாரம். சம்பளம் ஒப்பந்த விவகாரமாக இருந்ததை உரிம நிபந்தனையாக மாற்றியது இதே அரசாங்கம்தானே?

பாதுகாவல் முத்தரப்புக் குழு அடுத்த அட்டவணையைப் பேச உட்காரும்போது, துறைமுக வாயில்களுக்கான தகுதிக்குறிப்பும், இரு பணிகளுக்கு இடையே பயண நேரம் நீங்கலாகக் குறைந்தது பத்து மணி ஓய்வும் பேச்சில் இடம்பெற வேண்டும். அதுவரை, துவாஸ் வேலைகளுக்கு விலை கொடுக்கும் நிறுவனங்கள் எட்டு மணிக்கு ஒரு விலையும் பன்னிரண்டு மணிக்கு வேறு விலையும் தனித்தனி வரியில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.