அரசையும் கட்டுப்படுத்தட்டும் சட்டம்

பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங்கில் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு மூதாட்டிக்குக் கைப்பேசியில் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறவன் எடுத்த எடுப்பில் பணம் கேட்பதில்லை. அவருடைய அடையாள அட்டை (ஐசி) எண்ணைத் தடங்கலின்றி ஒப்பித்துவிட்டு, “சரிதானேம்மா?” என்கிறான். அவரும் “ஆமாம்” என்கிறார். அந்த ஒரு சொல் போதும். மீதியைப் பயம் பார்த்துக்கொள்ளும்.

அந்த 12 இலக்கங்கள் சாதாரணமானவை அல்ல. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். 2017இல் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள், ஐசி எண்கள் உட்பட, கசிந்தது அம்பலமானது. மலேசியாவின் அன்றைய மக்கள்தொகையைவிட அதிகம் அது. வீட்டை மாற்றலாம், கைப்பேசி எண்ணை மாற்றலாம். பிறந்த தேதியை யார் மாற்றுவது?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி வலுவாக்கியது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும் பாதிப்பு நேரக்கூடுமானால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். இந்த அறிவிப்புகள் 2025 ஜூன் முதல் கட்டாயம். நல்ல திருத்தங்கள், வரவேற்கிறோம்.

ஆனால் சட்டத்தின் 3ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. நம் பிறப்பு, வருமானம், நோய், உதவித்தொகை என அத்தனை விவரத்தையும் வைத்திருப்பது அரசுதான். 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம், கூட்டரசுத் துறைகள் தங்களுக்குள் தரவைப் பகிர வழிசெய்கிறது. பகிர்வுக்குப் பாதை போட்டவர்கள், பாதுகாப்புக்கு மட்டும் விலக்குக் கேட்பது முறையல்ல.

குற்ற விசாரணை, வரி வசூல் தடைபடும் என்று காரணம் சொல்வார்கள். அவற்றுக்கு 45ஆவது பிரிவிலேயே தனி விலக்கு உண்டு. பிறகு எதற்கு முழு விலக்கு? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுத் துறைகளையும் கட்டுப்படுத்துகிறது. அதனால் அங்கே நிர்வாகம் முடங்கிவிடவில்லை.

உதவித்தொகைக்கு மனுச் செய்யும் தோட்டத்துத் தாய்க்கு, விவரம் தரமாட்டேன் என்று மறுக்க வழியில்லை. கடையில் கேட்டால் வேறு கடைக்குப் போகலாம். அரசுக்கு மாற்று ஏது? மறுக்க முடியாதவரிடம் வாங்கியதைத்தான் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும்.

3ஆவது பிரிவை நீக்குங்கள். பேராக்கிலிருந்து மக்களவைக்குச் சென்றுள்ள உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதற்குக் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை, வாசகர்களே, ஐசி எண்ணை ஒப்பித்து யார் அழைத்தாலும் “ஆமாம்” என்று சொல்லாதீர்கள். அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள்.