கார்ட்டூன்தானே!

"கார்ட்டூன்தானே, பார்க்கட்டும்." கேமரன் மலையில் எங்கள் ரிங்லெட்டில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் எந்த வீட்டிலும் கேட்கிற வசனம் இது. அம்மா அடுப்படியில் நிற்பார், பிள்ளை கைப்பேசியோடு மூலையில் கிடக்கும். அதே வீட்டில் வேலை முடிந்து வந்த மூத்தவன் ஒரு அனிமேஷன் தொடரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வசனம் மாறிவிடும்: "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?"

இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரண்டு முகங்கள். வரைந்தது அசைந்தால் அது பிள்ளைகளுக்கு. ஆகவே பிள்ளை எதைப் பார்த்தாலும் கேள்வியில்லை, பெரியவன் எதைப் பார்த்தாலும் கேலி. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் பரவிக் கிடக்கும் இந்த நம்பிக்கை பச்சைப் பொய். பொய் என்பதைவிட, நமக்கு நஷ்டம் உண்டாக்கும் பொய் என்பதுதான் என் கோபம்.

அந்தப் பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் தமிழ் பேசும் ஷின்சான். யோஷிட்டோ உசுய் 1990-ல் அதை எழுதத் தொடங்கியது வளர்ந்த ஆண்கள் வாங்கிப் படிக்கும் ஒரு ஜப்பானிய வார இதழில். வேலைக்குப் போய் அலுத்து வரும் அப்பன், தள்ளுபடி விலைக்கு ஓடும் அம்மா, இன்னும் அடையாத வீட்டுக் கடன், அத்தனையையும் அம்பலப்படுத்தும் ஐந்து வயதுப் பொடியன்: நடுத்தரக் குடும்பத்தைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்துக்கொள்வதற்கான சங்கதி அது. 1992-ல் தொலைக்காட்சிக்கு வந்தது. 2008-ல் இந்திய அரசு அதைத் தடை செய்தது; பிறகு வெட்டி ஒட்டித் திரும்பவும் விட்டார்கள். பெரியவர்களுக்கு எழுதியதைக் குழந்தைக்குப் போட்டுவிட்டு, குழந்தை கெட்டுப்போகிறது என்று புலம்பினோம். தப்பு ஷின்சானிடம் இல்லை. படம் வரைந்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை என்ற நம் சோம்பேறித்தனத்தில் இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு வயதும் அதிகமில்லை. அமெரிக்காவில் கார்ட்டூன்கள் முதலில் கொட்டகையில், பெரிய படத்துக்கு முன்னால், குடும்பம் மொத்தமும் பார்க்க ஓடியவை. 1960-ல் வந்த 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பெரியவர்களுக்காகப் போடப்பட்ட தொடர். அதற்குக் காசு கொடுத்தவர்களில் வின்ஸ்டன் சிகரெட் கம்பெனியும் உண்டு. ஃபிரெட்டும் பார்னியும் விளம்பரத்தில் நின்று புகைத்தார்கள். பிறகுதான் தொலைக்காட்சி நிலையங்கள் சனிக்கிழமைக் காலையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, பொம்மையும் மிட்டாயும் விற்கத் தோதாகக் கார்ட்டூனை அங்கே தள்ளின. விளம்பரக்காரன் போட்ட நேர அட்டவணையை நாம் இயற்கை விதியாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

நாம் அப்படி எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, விளக்கு வைத்து, திரையில் ஆட்டி, விடிய விடியக் கதை சொன்ன ஜனம் நாம். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் இன்றும் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. பாட்டு கம்பனுடையது, மொழி தமிழ். இடையிடையே பாவைகளை நிறுத்திவைத்துப் புலவர் தர்மம், விதி, போர் நியாயம் என்று மணிக்கணக்கில் விளக்கம் சொல்வார். சில ஊர்களில் இருபத்தொரு இரவு. எதிரே ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் அம்மனுக்காக ஆட்டம் நிற்காது. பகவதியிடம் போய் யாரும் "பொம்மைப் படம்தானே" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவர்கள். 1987-ல் ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. இங்கே மலேசியாவில் 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' என்ற முழுநீளக் கார்ட்டூன் படம் மதக் காரணத்தால் தடைபட்டது. 2022-ல் 'லைட்இயர்' படத்தில் வெட்டச் சொன்னதை டிஸ்னி வெட்ட மறுத்ததால் அது நம் திரையரங்குகளுக்கு வரவேயில்லை. அந்த முடிவுகள் சரியா தவறா என்பது வேறு வழக்கு. கோடு போட்ட சித்திரம் மனிதர் மனசுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது தணிக்கைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் நமக்குத்தான் தெரியவில்லை.

சரி, பெரியவர்களுக்கான அனிமேஷனில் அப்படி என்ன பெரிய தத்துவம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு தொடரைக் காட்டுகிறேன். 'போஜாக் ஹார்ஸ்மேன்'. 2014 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் ஆறு பருவங்களாக வந்தது. எழுதி உருவாக்கியவர் ராஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க், உருவங்களை வடிவமைத்தவர் லிசா ஹனவால்ட். குதிரைத் தலையோடு ஒரு பழைய தொலைக்காட்சி நடிகன். காசு இருக்கிறது, குடி இருக்கிறது, நிம்மதி இல்லை. தொடக்க அத்தியாயங்களைப் பார்த்தால் அசட்டுச் சிரிப்பு என்றுதான் தோன்றும். பலர் அங்கேயே அணைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தொடரும் சூடுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது.

நான்காம் பருவத்தில், 2017-ல் வந்த ஓர் அத்தியாயத்தில், நினைவு தப்பிய தன் தாய் பியாட்ரிஸைப் போஜாக் முதியோர் இல்லத்துக்குக் காரில் கூட்டிப் போகிறான். கதை அவன் பக்கம் நிற்காமல் அவள் தலைக்குள் நுழைந்துவிடுகிறது. அவள் மறந்துபோனவர்களுக்கு அங்கே முகம் கிடையாது. கண் மூக்கு இல்லாத வெற்றுத் தலைகள் நடமாடுகின்றன. ஒரு பணிப்பெண்ணின் முகத்தில் மட்டும் கறுப்புப் பேனாவால் கிறுக்கியிருக்கிறது. அவளைப் பியாட்ரிஸ் மறக்கவில்லை, நினைக்க மறுக்கிறாள். மறதிக்கும் மறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கிறுக்கலில் சொல்லிவிட்டார்கள். கேமரா வைத்து எடுக்கும் படத்தில் நடிகைக்கு முகம் இருந்தே தீரும். அதை அழித்தால் தந்திரக் காட்சியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எல்லாமே கோடாக இருக்கும் உலகத்தில்தான் ஒரு கோடு இல்லாமல் போவது இழப்பாகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். கொழுந்து எடுத்தே முதுகு வளைந்தவர். கடைசிக் காலத்தில் பெற்ற மகளைப் பார்த்து, "நீ எந்தக் கங்காணி ஆளு?" என்று கேட்பார். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நேரமாகிவிட்டது, கூடையைக் காணோம் என்று அழுவார். "தோட்டத்து வேலைய விட்டு எத்தனை வருஷம் ஆச்சும்மா" என்று மகள் திருத்துவார். பாட்டி இன்னும் பயந்துபோவார். பிறகு மகள் திருத்துவதை விட்டுவிட்டார். "கொழுந்து நிறுத்தாச்சும்மா, நீ படு" என்பார். பாட்டி படுத்துக்கொள்வார்.

அந்த அத்தியாயத்தின் கடைசியில், வாழ்நாளெல்லாம் தாயை வெறுத்த போஜாக்கிடம் அவள், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறாள். இல்லத்தின் அழுக்கு அறை அது. அவனோ, நீ உன் குடும்பத்தோடு ஏரிக்கரை வீட்டில் இருக்கிறாய், வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாய் என்கிறான். மன்னிப்பு கிடையாது, கட்டிப்பிடித்து அழுவது கிடையாது, ஒரு பொய் மட்டும். மன்னிக்காமலே இரக்கம் காட்ட முடியுமா? உண்மை எப்போதும் நல்லதுதானா? பொய்ம்மையும் எப்போது வாய்மையாகும் என்று வள்ளுவரிடம் படித்த நமக்கு இது அந்நியமான கேள்வி இல்லை. அடுத்த பருவத்தில், 2018-ல், ஒரு முழு அத்தியாயமும் அவன் தாயின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுவதிலேயே கழிகிறது. வேறு காட்சியே கிட்டத்தட்ட இல்லை. "ஐ ஸீ யூ" (உன்னைப் பார்க்கிறேன்) என்று அவள் தன்னைப் பார்த்துச் சொன்னதாக நம்பிய கடைசிச் சொல், தீவிர சிகிச்சைப் பிரிவின் "ஐ.சி.யூ." பெயர்ப்பலகையை அவள் வாய்விட்டுப் படித்ததுதான் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் புரிகிறது. இதைச் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்பவர் எந்த வயதுப் பிள்ளையைச் சொல்கிறார்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்றால் கெட்ட வார்த்தையும் படுக்கையறையும்தானே என்பார்கள். அதில் பாதி உண்மை. போஜாக்கிலேயே குடியும் போதையும் கொச்சையும் தாராளம். எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் நானும் அணைத்துவிடுவேன். இந்த வகையில் வரும் பல தொடர்களுக்கு அதைத் தாண்டி ஒன்றுமே இல்லை. ஆனால் தமிழ் சினிமாவில் குப்பை வருகிறது என்பதற்காக சினிமாவே குப்பை என்று நாம் சொல்வதில்லையே.

தீங்கு வரும் இடத்திலும் கார்ட்டூன் வெறும் விளையாட்டு இல்லை. 'சிம்ப்சன்ஸ்' 1989-ல் தொடங்கியது. அதில் கடை வைத்திருக்கும் இந்தியர் அப்புவுக்கு ஹேங்க் அசேரியா என்ற வெள்ளைக்காரர் குரல் கொடுத்தார். அந்த உச்சரிப்பைச் சொல்லிச் சொல்லியே அமெரிக்கப் பள்ளிகளில் நம்மவர் பிள்ளைகளைச் சீண்டினார்கள். ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017-ல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அசேரியா அந்தக் குரலை விட்டார். முப்பது வருஷம் ஒரு தலைமுறையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது வெறும் மஞ்சள் பொம்மையா?

இதையெல்லாம் ரிங்லெட்டில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கம்பத்துப் பையனாக, அதாவது மலாய்க் கிராமத்துப் பிள்ளையாக, வளர்ந்த கார்ட்டூனிஸ்ட் லாட், தன் பிள்ளைப் பருவத்தை 1979-ல் சித்திரப் புத்தகமாக்கினார். ஈய வயல்கள் சூழ்ந்த பேராக் கம்பம், ஓதப் போன வீடு, ஈப்போவுக்குப் படிக்கக் கிளம்பிய நாள். அது 26 அத்தியாயத் தொலைக்காட்சித் தொடரானது. 1999-ல் பிரான்சின் அனெசி விழாவில் விருது வாங்கியது. இன்று அந்தக் கம்பம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கை வரைந்த கோடு இருக்கிறது. 'உப்பின் இப்பின்' என்ற மலேசியக் கார்ட்டூன் தொடரில் நமக்கும் ராஜு என்று ஒரு பிள்ளை உண்டு, நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் அடுத்த வீட்டுப் பையனாக வந்துபோகிறவன். கதை அவன் வீட்டுத் திண்ணையில் தொடங்குவதில்லை.

1929-ல் ரஸ்ஸல் துரை 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த மலைச்சரிவில் நடந்ததைக் கேமரா வைத்து எடுக்க வேண்டுமானால் இனி இடமே இல்லை. கூடை சுமந்த வரிசை போய், இருவர் பிடித்து நடக்கும் கொழுந்து வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. அதைப் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். பள்ளத்தாக்கில் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். 'செம்மண் சாலை', 'ஜகாட்' என்ற படங்கள் தோட்டத்து வாழ்க்கையையும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாழ்க்கையையும் நடிகர்களை வைத்துச் சொல்லிப் பார்த்தன, நன்றாகவே சொல்லின. ஆனால் பனியில் நிற்கும் பெரட்டுக்களத்தையும், ஆயாக்கொட்டகையையும், துரை வரும் சத்தத்தில் லயம் மொத்தமும் மாறும் விதத்தையும், அந்தப் பாட்டியின் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்ததையும் வரையத்தான் முடியும்.

காசு யார் போடுவது என்பார்கள். தீபாவளிக்குத் தீபாவளி தமிழ் டெலிமூவிக்கு வருகிற காசு அரை மணி நேர அனிமேஷனுக்குப் போதும். வரையத் தெரிந்த நம் பிள்ளைகள் கோலாலம்பூரில் யாரோ ஒருவருடைய கதைக்கு நிறம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "பிள்ளைகள் நிகழ்ச்சிப் பிரிவில் கொடுங்க" என்று சொல்லாத ஓர் ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.